பழைய நோயாளி, புதிய நோயாளி

வைத்தியர் முன் அமரும் ஒருவர் எதுவரை புதியவர், எப்போது பழையவர்? விளையாட்டுக் கேள்வி போலத் தோன்றும். அமெரிக்காவில் வாழும் நம்மவருக்கோ இதன் விடை டொலர்க் கணக்கில் வந்து சேர்கிறது.

அங்கே மருத்துவச் சேவைகளுக்கான குறியீடுகளை வகுப்பது அமெரிக்க மருத்துவச் சங்கம். ஒரு வைத்தியரிடமோ, அவரது குழுமத்தில் அதே சிறப்புத் துறையைச் சேர்ந்த மற்றொருவரிடமோ கடந்த 3 ஆண்டுகளுக்குள் சிகிச்சை பெற்றவர் பழைய நோயாளி, ஏனையோர் புதியவர். புதியவருக்கு 99202 முதல் 99205 வரையும், பழையவருக்கு 99211 முதல் 99215 வரையும் குறியீடுகள் உண்டு. 99204, 99214 இரண்டும் நடுத்தரச் சிக்கலுள்ள மருத்துவ முடிவுக்கே உரியவை. ஆயினும் முன்னதற்குக் கட்டணம் அதிகம். அறியாத ஒருவரின் நோய் வரலாற்றைக் கேட்டறிய நேரம் செல்லும் என்பது அதற்கான நியாயம். அதில் தவறில்லை.

நியூ ஜேர்சியில் வாழும் என் தங்கையின் மகள் சென்ற ஆண்டு இந்த விதியுடன் மல்லுக்கட்ட நேர்ந்தது. அவள் வழமையாகப் பார்க்கும் குடும்ப வைத்தியர் விலகிவிட, அதே நிலையத்தின் இன்னொரு குடும்ப வைத்தியர் பார்த்தார். முந்திய வருகைக்கு 20 மாதங்களே ஆகியிருந்தன. பட்டியலிலோ 99204. காப்புறுதி நிறுவனம் பணம் கொடுக்கத் தொடங்குமுன் அவள் கைப்பணத்தில் கட்டவேண்டிய தொகை தீராததால், முழுச்சுமையும் அவள் தலையில்.

"மாமா, மாறினது டொக்டர்தானே, நானில்லையே?" என்றாள் தொலைபேசியில். முந்திய வருகையின் திகதியைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்ட பின்னரே பட்டியல் திருத்தப்பட்டது.

அவள் சொன்னதைக் கேட்டபோது, கட்டைபறிச்சானில் வாழ்ந்த எங்கள் பெரியம்மாவை நினைத்துக்கொண்டேன். இலங்கை அரச வைத்தியசாலையில் புதியவரும் பழையவரும் பணம் கட்டுவதில்லை. ஆனால் நோயாளியின் வரலாறு முழுவதும் அவர் கையிலுள்ள கிளினிக் கொப்பியில்தான். மூதூர் வைத்தியசாலையில் இரத்த அழுத்தத்துக்கு மருந்தெடுத்து வந்த பெரியம்மா, 2006ஆம் ஆண்டு இடப்பெயர்வில் உடுத்த சேலையோடு ஓடினார். கொப்பி வீட்டோடு போயிற்று.

போய்ச் சேர்ந்த ஊரின் வைத்தியசாலையில், "புது ஆளா அம்மா?" என்று கேட்டார்களாம்.

"பதினொரு வருசமா மருந்து குடிக்கிறன் தம்பி. கொப்பிதான் புதுசு."

குளிசையின் பெயரோ அளவோ அவருக்குத் தெரியாது. நிறம் மட்டுமே தெரியும். எல்லாம் முதலிலிருந்து தொடங்கிற்று. அழுத்தம் பழையபடி கட்டுக்குள் வரச் சில மாதங்கள் சென்றன. அந்த மாதங்களுக்கு எந்தப் பட்டியலிலும் விலை எழுதப்படவில்லை.

புலம்பெயர்ந்த வாசகர்கள் பட்டியல் வந்ததும் குறியீட்டையும் முந்திய வருகையின் திகதியையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். ஊரில் பெற்றோர் இருப்பவர்கள், அவர்களது கிளினிக் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம்பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அதை இன்றே செய்யலாம்.