முப்பது ஏறிடுச்சு

சவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் தாண்டி, சாமை அடிக்கிற ஒரு பாறைக் களம். பகல் வெயில் வாங்கிய சூடு இரவு பத்து மணி வரைக்கும் அந்தப் பாறையில் இருக்கும். மார்ச் கடைசியை ஒட்டி அமாவாசை வந்தால் எட்டு அங்குல டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு சித்தப்பாவும் நானும் அங்கே போய்விடுவோம். மெசியே பட்டியலின் 110 விண்பொருள்களையும் ஒரே ராத்திரியில் பார்த்துவிட வேண்டும். அவர் மடியில் நோட்டு, டார்ச் லைட்டில் சிவப்புக் கண்ணாடித் தாள்.

மேற்கே எம் 74 இறங்குவதற்குள் பிடிப்பதுதான் முதல் பதற்றம். நல்லவேளை, அந்த அட்சரேகையில் சூரியன் சரிந்து நழுவாது, நெட்டுக்குத்தாக விழும். ஒன்றேகால் மணி நேரத்தில் முழு இருட்டு. "டேய், ரசிச்சது போதும், அடுத்தது" என்று சித்தப்பா விரட்டுவார்.

விரட்டுகிற அவரே நள்ளிரவுக்குப் பிறகு நோட்டை மூடிவைப்பார். ஒன்றரை மணி வாக்கில் ஒமேகா சென்டாரி தெற்கே உச்சிக்கு வரும். அடிவானத்துக்கு மேல் 30 டிகிரி, நீட்டிய கையில் மூன்று முஷ்டி உயரம். அது பட்டியலிலேயே கிடையாது. மெசியே வானம் பார்த்தது பாரீஸிலிருந்து. 49 டிகிரி வடக்கில் அது எழுவதே இல்லை. கணக்கில் சேராத அந்த ஒன்றுக்குத்தான் நாங்கள் அதிக நேரம் கொடுத்தோம். வெறும் கண்ணுக்குக் கலங்கலான ஒரு மீன். ஐபீஸில் கண்ணை வைத்தால், இருட்டில் யாரோ கோலமாவைக் கைதவறிக் கொட்டிய மாதிரி நடுவில் குவிந்து, ஓரத்தில் பொடிப்பொடியாகச் சிதறிக் கிடக்கும். சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள். சித்தப்பா மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார்; மூச்சுப் பட்டால் கண்ணாடி மங்கிவிடும்.

நான் எடின்பரோவுக்கு வந்து ஏழு வருஷமாகிறது. 56 டிகிரி வடக்கு. களத்தில் துருவ நட்சத்திரம் ஒன்றேகால் முஷ்டி உயரத்தில் மரங்களை ஒட்டி நிற்கும். இங்கே ஐந்தரை முஷ்டி. வடக்கு ஏறிய அளவுக்குத் தெற்கு இறங்கிவிட்டது. ஒமேகா சென்டாரி போயிற்று, அகத்தியர் மீன் போயிற்று, பட்டியலில் இருக்கிற எம் 7கூட எழாது. தனுசு ராசியின் கொத்துகள் கூரைகளை உரசிக்கொண்டு மூட்டத்திலேயே கரைந்துபோகும். மே முதல் வாரத்திலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை முழு இருட்டே கிடையாது.

இந்த ஊரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. எம் 101 என் தலைக்கு நேர் மேலே வருகிறது. எம் 81, எம் 82 இரண்டும் மறைவதே இல்லை. களத்தில் வடக்கு மரங்களின் இடுக்கில் தேடிய கேலக்ஸிகள் அவை. சித்தப்பாவை அழைத்துவந்து காட்ட எனக்கு ரொம்ப ஆசை. ஆனாலும் டெலஸ்கோப்பை வெளியே வைத்ததும் என் கை முதலில் திருப்புவது தெற்குப் பக்கம்தான். அங்கே எதிர்வீட்டுப் புகைபோக்கிகள் இருக்கின்றன. நான் தேடுவது அவற்றுக்கும் கீழே, மண்ணுக்குள் பதின்மூன்று டிகிரி ஆழத்தில் போய்க்கொண்டிருக்கிறது.

பட்டியலில் கடைசியாகப் பிடிக்க வேண்டியது எம் 30. மார்ச் கடைசியில் அது களத்தில் நாலேகால் மணிக்குள் எழுந்துவிடும். விடியல் வெளுப்பதற்குள் பார்த்துவிடலாம். எடின்பரோவில் அது சூரியனோடு சேர்ந்துதான் எழும்.

போன மார்ச்சில் ஒரு ராத்திரி, பதினொன்றே இருபதுக்கு, வாசலில் டெலஸ்கோப் குளிர்வதற்காகக் காத்திருந்தேன். போன் அதிர்ந்தது. அங்கே மணி நாலு ஐம்பது. "முப்பது ஏறிடுச்சுடா. ஒமேகாவை உனக்கும் சேர்த்துப் பார்த்தேன்" என்று சித்தப்பா அனுப்பியிருந்தார். கையுறையைக் கழற்றி அவருக்குப் பதில் எழுதினேன். எதிர்வீட்டு மாடியில் இன்னும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.