ட்ராப்ஸ், சிரப், ஒரு வேரியபிள்

1/ இன்னிக்கு குழந்தைகளோட காய்ச்சல் மருந்தையும் கம்ப்யூட்டர் ப்ரோக்ராமிங்கையும் சேர்த்து ஒரு த்ரெட். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு தோணும். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறவங்க கடைசி வரை படிச்சிடுங்க.

2/ சில வருஷம் முன்னாடி ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நைட் ட்யூட்டி பார்த்துட்டிருந்தேன். அந்த சமயத்தில்தான் பைதான் கத்துக்க ஆரம்பிச்சேன். புதுசா கத்துக்கிட்டவன் சும்மா இருப்பானா? பாரசிட்டமால் அளவு கணக்குப் போட ஒரு குட்டி ப்ரோக்ராம் எழுதினேன்.

3/ கணக்கு ரொம்ப சிம்பிள். குழந்தையோட எடை ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைன்னா ஒரு வேளைக்கு 150 மி.கி. அது எத்தனை மில்லி மருந்துன்னு பாட்டிலைப் பொறுத்து மாறும்.

4/ நம்ம ஊர்க் கடையில் மூணு விதமா கிடைக்கும். 5 மில்லியில் 120 மி.கி இருக்கிற சிரப். 5 மில்லியில் 250 மி.கி இருக்கிற சிரப். அப்புறம் கைக்குழந்தைகளுக்கான ட்ராப்ஸ். அதில் ஒரே ஒரு மில்லியில் 100 மி.கி.

5/ ப்ரோக்ராமில் 'வேரியபிள்'னா, சமையலறை டப்பா மேல பேர் எழுதி ஒட்டுற மாதிரி. உள்ளே ஒரு மதிப்பு, வெளியே ஒரு பேர். நான் என் டப்பாவுக்கு வெச்ச பேர் 'ஸ்ட்ரெங்த்'. பாட்டில் லேபிளைப் பார்த்து 120, 250, 100னு மூணையும் போட்டேன். தப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சுட்டீங்களா?

6/ ஒரு ராத்திரி ஒரு வயசுப் பையன், 10 கிலோ, காய்ச்சல். "சிரப் குடுத்தா துப்பிடறான் டாக்டர், ட்ராப்ஸே எழுதிக் குடுங்க"ன்னு அம்மா கேட்டாங்க. ப்ரோக்ராமைத் தட்டினேன். 7.5 மில்லின்னு காட்டிச்சு. அப்படியே எழுதிட்டேன்.

7/ ஏன் சந்தேகம் வரலை? சிரப்பா இருந்தா இதே பையனுக்கு 6.25 மில்லி வரும். அதனால 7.5ங்கிறது கண்ணுக்குப் பழகின நம்பர் மாதிரியே இருந்துச்சு. மணி ரெண்டரை, தூக்கக் கலக்கம் வேற.

8/ சீட்டை வாங்கின சிஸ்டர் திரும்பி வந்தாங்க. "சார், இந்த ட்ராப்ஸ் பாட்டிலே 15 மில்லிதான். 7.5னு எழுதியிருக்கீங்க. ரெண்டு வேளையில பாட்டில் காலியாயிடுமே?"

9/ எனக்கு வேர்த்துடுச்சு. சரியான அளவு 1.5 மில்லி. நான் எழுதினது அஞ்சு மடங்கு. ஒரு வேளைக்கு 750 மி.கி. நாலு வேளை குடுத்திருந்தா ஒரே நாளில் 3000 மி.கி. 10 கிலோ குழந்தையோட கல்லீரல் அதைத் தாங்காது. சீட்டைக் கிழிச்சுப் போட்டு வேற எழுதினேன். சிஸ்டருக்கு நன்றி சொன்னேன். அந்த அம்மாகிட்டயும் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

10/ விடிஞ்சதும் கோடைத் திறந்து பார்த்தேன். கூட்டல் கழித்தல்ல ஒரு பிழையும் இல்லை. 150ஐ 'ஸ்ட்ரெங்த்'தால் வகுத்து 5ஆல் பெருக்கியிருக்கேன். சிரப்புக்கு அது சரி, ஏன்னா 120ம் 250ம் அஞ்சு மில்லிக்கான அளவு. ட்ராப்ஸோட 100 ஒரு மில்லிக்கான அளவு. ஒரே பேரில் ரெண்டு வேற விஷயத்தை வெச்சிருந்தேன்.

11/ கம்ப்யூட்டருக்கு இது தெரியாதா? தெரியாது. அதைப் பொறுத்தவரை 120ம் 100ம் ஒரே 'டைப்', அதாவது ரெண்டுமே வெறும் எண்கள். எதுக்கான எண்ணுன்னு மனுஷனுக்குத்தான் தெரியணும். அதை ஞாபகப்படுத்த இருக்கிற ஒரே இடம் அந்தப் பேர்தான்.

12/ இது எனக்கு மட்டும் நடந்ததுன்னு நினைச்சுடாதீங்க. 1999 செப்டம்பரில் நாசாவோட மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ற நேரத்தில் தொலைஞ்சு போச்சு. ஒரு சாஃப்ட்வேர் பவுண்ட் கணக்கில் எண்ணைக் குடுத்திருக்கு, வாங்கின பக்கம் அதை நியூட்டன் கணக்குன்னு எடுத்துக்கிச்சு. வித்தியாசம் கிட்டத்தட்ட நாலரை மடங்கு.

13/ இதுக்கு வழி யோசிச்சவர் ஹங்கேரியில் பிறந்த சார்லஸ் சிமோனி, மைக்ரோசாஃப்ட்ல இருந்தவர். பேருக்கு முன்னாடி ரெண்டு மூணு எழுத்து சேர்த்து, அது எந்த வகைன்னு சொல்லிடணும்ங்கிறது அவர் வழக்கம். 'ஹங்கேரியன் நொட்டேஷன்'னு பேர். எக்ஸெல்ல வரிசை எண்ணும் எண்தான், நெடுவரிசை எண்ணும் எண்தான். ஆனா ஒண்ணை இன்னொண்ணில் போட்டா அபத்தம். முன்னெழுத்தைப் பார்த்தாலே அது தெரிஞ்சிடும்.

14/ பின்னாடி வந்த பலர் இதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. இது முழு எண், இது எழுத்துன்னு கம்ப்யூட்டருக்கே தெரிஞ்ச விஷயத்தைப் பேரில் எழுத ஆரம்பிச்சாங்க. படிக்கிறவங்களுக்குத் தலைவலிதான் மிச்சம். இந்த வழக்கத்துக்குக் கெட்ட பேர் வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். பேரில் எழுத வேண்டியது கம்ப்யூட்டருக்குத் தெரியாததை.

15/ நமக்கு இது புதுசே இல்லை. வந்தான், வந்தாள், வந்தது. சொல்லோட வாலைப் பார்த்தே வந்தது யாருன்னு தெரிஞ்சுடுதே!

16/ நானும் வால் சேர்த்தேன். 'எடை_கிலோ', 'டோஸ்_எம்ஜி', 'ஸ்ட்ரெங்த்_எம்ஜி_பெர்_எம்எல்'. நீளம்தான், பரவாயில்லை. கடைசிப் பேரைப் பார்த்துக்கிட்டே அதில் 120னு போட கை வராது. ஒரு மில்லிக்கு 120ஆன்னு மனசு கேக்கும். 24, 50, 100னு மாத்தினேன். 5ஆல் பெருக்குற வேலையே போச்சு. அப்புறமும் ஒரு குழந்தை மருத்துவர் சரிபார்த்துக் குடுக்கிற வரைக்கும் அதை நான் தொடலை.

17/ இனி வீட்டுக்கான விஷயம். ட்ராப்ஸும் சிரப்பும் ஒரே மருந்து, ஆனா ஒரே அளவு இல்லை. போன தடவை சிரப்புக்குச் சொன்ன மில்லியை இந்தத் தடவை ட்ராப்ஸுக்குக் குடுக்காதீங்க. அந்தப் பாட்டிலோட வந்த ட்ராப்பரையோ மூடியையோ மட்டும் பயன்படுத்துங்க. நான் மேலே போட்ட கணக்கை வெச்சு நீங்களா குடுக்கவும் வேண்டாம்.

18/ இன்சுலின் போடறவங்களுக்கும் இதேதான். ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கிற மருந்துக்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி. மாத்திப் போட்டா யூனிட் ரெண்டரை மடங்கு கூடும், இல்லேன்னா குறையும்.

19/ டாக்டர் வெறும் நம்பரை மட்டும் சொன்னா, "எந்த பாட்டில்ல டாக்டர்? மில்லியா, மில்லிகிராமா?"ன்னு கேளுங்க. தயங்காதீங்க, நாங்க கோவிச்சுக்க மாட்டோம். அன்னிக்கு ராத்திரி அந்த சிஸ்டர் கேட்டதாலதான் அந்தப் பையன் தப்பிச்சான், நானும் தப்பிச்சேன்.

20/ கோடு எழுதுற தம்பி தங்கைகளே, இன்னிக்கு உங்க ப்ரோக்ராமில் 'டோஸ்', 'டைம்', 'அமவுண்ட்'னு மொட்டையா இருக்கிற பேர்களை ஒரு தடவை தேடிப் பாருங்க. பின்னாடி ஒரு யூனிட்டைச் சேர்த்துடுங்க.