உடைந்த போர்க்கும் உத்தரவாதச் சீட்டும்

புதிய மிதிவண்டி ஒன்று வீட்டுக்கு வரும்போது அதனோடு ஒரு சிறு சீட்டும் வருகிறது. வண்டியைத் துடைத்து எண்ணெய் போடுவதற்கு நம் வீடுகளில் ஆள் உண்டு. அந்தச் சீட்டைப் படிப்பதற்குத்தான் ஆள் இல்லை. சில நாள் அலமாரியில் கிடக்கும். பிறகு பிள்ளைகள் அதை மடித்துக் கப்பல் விடுவார்கள். 'உத்தரவாதம்' என்று தலைப்பிட்ட அத்தாளில் நமக்குச் சேர வேண்டிய ஓர் உரிமை எழுதியிருக்கிறது என்பதை நம்மவரில் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. எண்ணுகிறவர்களும் கேட்கக் கூசுகிறார்கள். இந்தக் கூச்சத்தைப் பற்றி வாசகர்களோடு சற்றே பேச விரும்புகிறோம். எமக்கு நேர்ந்த ஒரு நிகழ்ச்சியே அதற்குத் துணை.

கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில், வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் செல்லும் பாதையில் அமைந்தது கெங்குவார்பட்டி. மாவட்டத்தால் தேனியைச் சேர்ந்த ஊராயினும், சாமான் வாங்க வேண்டுமானால் திண்டுக்கல் மாவட்டத்து வத்தலக்குண்டுக்குப் போவது எங்களுக்குப் பழக்கம். இங்கே தோட்டத்துக்குப் போகிறவருக்கும் பால் எடுத்துச் செல்கிறவருக்கும் மிதிவண்டி இன்றும் உழைக்கும் துணை. எம் தமக்கையின் மகனும் அப்படித்தான் ஒரு புதிய வண்டி வாங்கி, வைகறையில் வீடு வீடாகப் பால் கறந்து வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்த்துப் பிழைத்து வந்தான்.

வாங்கி ஐந்து மாதம் நிறைவதற்குள், ஒரு நாள் விடியற்காலையில் வண்டியின் முன் போர்க், தலைப்பகுதியோடு அதன் தண்டு சேரும் இடத்தில் முறிந்தது. ஹேண்டில்பார் கையோடு வந்துவிட்டது. நல்லவேளையாக அவன் தெரு முனையில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தான். முழங்கை சிராய்ந்ததோடு போயிற்று. பால் மண்ணில் கொட்டியது. இதுவே மலைப்பாதை வந்து கூடும் பெருஞ்சாலையில், பின்னால் லாரி வந்துகொண்டிருந்த நேரத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு நடுங்கியது.

உடைந்த வண்டியை ஊர்ச் சைக்கிள் கடைக்குக் கொண்டு சென்றோம். வெல்டிங் வைத்துக் காசு வாங்கிக்கொள்ளக் கூடியவர்தான் அக்கடைக்காரப் பெரியவர். ஆனால் அவர் முறிந்த வாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாய், இதிலே நான் கை வைக்கக் கூடாது. பாதி வாய் பளபளவென்று இருக்கிறது. அது இன்றைக்கு உடைந்தது. மறுபாதி கறுத்துத் துருவேறியிருக்கிறது. அங்கே பித்தளையே ஓடவில்லை. இந்தக் குறை வண்டியோடு பிறந்தது. அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள்" என்றார்.

அவர் சொன்னதன் பொருளை வாசகர்கள் அறிந்துகொள்வது நலம். இத்தகைய போர்க்கின் தண்டையும் தலையையும் பித்தளையை உருக்கி ஓடவிட்டு ஒன்றாகப் பற்றவைக்கிறார்கள். உருகிய பித்தளை இணைப்பின் சுற்றெங்கும் பரவவேண்டும். ஓரிடத்தில் பரவாமல் நின்றுவிட்டால், மேலே பூசிய வர்ணம் அந்த வெற்றிடத்தை மறைத்துவிடும். பள்ளம் மேடுகளில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் எஞ்சிய பாதியே முழுப்பாரத்தையும் தாங்கும். ஒரு நாள் அதுவும் விட்டுவிடும். வெல்டிங் வைத்திருந்தால் வண்டி ஓடியிருக்கக் கூடும். ஆனால் குறை எப்போது பிறந்தது என்று சொல்லும் ஒரே சாட்சி அந்தத் தீயில் அழிந்திருக்கும். அனுமதியின்றி வெல்டிங் வைத்த பொருளுக்கு உத்தரவாதம் இல்லை என்பதும் பெரும்பாலான சீட்டுகளில் காணும் நிபந்தனை.

பில்லையும் சீட்டையும் உடைந்த போர்க்கையும் எடுத்துக்கொண்டு, வண்டி வாங்கிய கடைக்குச் சென்றோம். கடைக்காரர் முதலில் முகம் கொடுக்கவில்லை. "எங்கேயாவது மோதியிருப்பீர்கள் பாய், இல்லையென்றால் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியிருப்பீர்கள்" என்றார். "அண்ணாச்சி, எங்கள் மேல் கோபப்பட வேண்டாம், வண்டியையே கேட்போம்" என்று சொல்லி ஒவ்வொன்றாகக் காட்டினோம். எதிலாவது மோதியிருந்தால் போர்க்கின் இரு கால்களும் பின்னோக்கி வளைந்திருக்கும்; அவை நேராக இருந்தன. முன் சக்கரத்து ரிம்மில் நெளிவு இல்லை. பால் கேன்களோ பின் கேரியரில் தொங்குபவை. பாரம் மிகுந்திருந்தால் பின் சக்கரத்துக் கம்பிகளும் கேரியரும் முதலில் முறையிட்டிருக்கும். பிறகு முறிந்த வாயின் கறுத்த பாதியைக் காட்டினோம். அவர் அதை நெடுநேரம் பார்த்தார். "நான் இதைத் தெரிந்து விற்கவில்லை, பாய்" என்றார், குரல் தாழ்ந்து.

அந்தச் சொல்லில்தான் எல்லாக் கூச்சத்துக்கும் வேர் இருக்கிறது. பொருளைத் திருப்பிக் கொண்டுபோனால் விற்றவரை ஏமாற்றுக்காரர் என்று பழிப்பதாகும் என நாம் நினைக்கிறோம். அவரும் அப்படியே நினைத்துச் சினக்கிறார். ஆனால் நம் ஃபிக்ஹு நூல்களில் 'கியாருல் அய்பு' என்று ஒரு பகுதி உண்டு. குறை கண்டு திருப்பும் உரிமை என்பது அதன் பொருள். விற்பவர் கையில் இருந்தபோதே பொருளில் குறை இருந்து, வாங்கியவர் அதை அறியாமல் வாங்கியிருந்தால், திருப்பித் தரும் உரிமை அவருக்கு உண்டு. விற்றவர் அக்குறையை அறிந்திருந்தாரா என்பது அங்கே கேள்வியே இல்லை. அறிந்து மறைத்தல் வேறு குற்றம். மதீனத்துக் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவியது அதைப் பற்றியது. வாங்கியவருக்கும் ஒரு கடமை உண்டு. குறையைக் கண்ட பிறகும் பொருளைப் பயன்படுத்திக்கொண்டே இருந்தால், அவர் அதற்கு இசைந்துவிட்டதாகவே கொள்ளப்படும். ஆகவே கண்டவுடன் நிறுத்த வேண்டும். கண்டவுடன் சொல்ல வேண்டும்.

நாட்டின் சட்டமும் ஏறத்தாழ இதே வழியில் செல்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், வாணிகர் விற்கும் பொருள் விற்பனைக்குத் தக்க தரமுடையதாக இருக்க வேண்டும் என்பதை, எழுதாவிட்டாலும் உள்ள நிபந்தனையாகக் கொள்கிறது. 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2019-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. எம் போன்றோருக்கு அதில் பயனுள்ள செய்திகள் சில உண்டு. கடை வேறு மாவட்டத்தில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்குக்குரிய நிகழ்ச்சி நடந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். தொழிலுக்கு வாங்கிய வண்டி என்று தள்ளிவிடவும் இயலாது. தன் உழைப்பால் தானே பிழைப்பதற்கென்று வாங்கியவரும் நுகர்வோரே. முதலில் யோசனை கேட்க விரும்புவோருக்கு 1915 என்ற தொலைபேசி எண் இருக்கிறது.

ஆணையம் வரை போகும் தேவை எமக்கு நேரவில்லை. கடைக்காரரே படம் எடுத்து, வண்டியின் ஃபிரேம் எண்ணோடு தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினார். மூன்று வாரம் கழித்துப் புதிய போர்க் வந்தது. பச்சை வண்டிக்குக் கறுப்புப் போர்க்! மாட்டும் கூலியை அவர் வாங்கவில்லை. அந்த மூன்று வாரமும் எம் பிள்ளை இரவல் வண்டியில் பால் எடுத்தான்.

"சில நூறு ரூபாய்ச் சாமானுக்காக இத்தனை முறை பஸ் ஏற வேண்டுமா?" என்று ஊரில் சிலர் கேட்டனர். நியாயமான கேள்விதான். கணக்குப் பார்த்தால் பெரிய ஆதாயம் இல்லை. ஆயினும் அந்தப் போர்க் தனியாகச் செய்யப்பட்டதன்று. அதே நாளில், அதே கைகள் பற்றவைத்த வேறு போர்க்குகள் எந்தெந்த ஊரில் எந்தெந்தப் பிள்ளையைச் சுமந்து செல்கின்றனவோ! நாம் வாய் திறவாமல் வெல்டிங் வைத்துக்கொண்டால், தயாரித்தவருக்குத் தம் குறை தெரிய வழி ஏது?

இது வெறும் கற்பனை அன்று. மிதிவண்டி உறுப்புகள் செய்வதில் உலகப் புகழ்பெற்ற ஜப்பானிய நிறுவனமான சிமானோ, 2019 ஜூலைக்கு முன் தயாரான சில வகைக் கிராங்குகளை இலவசமாகச் சோதித்து, குறை கண்டவற்றை மாற்றித் தருவதாக 2023 செப்டம்பரில் அறிவித்தது. இரு பாகங்களை ஒட்டிச் செய்த கிராங்குகள் அவை. ஒட்டு விட்டுப் பிரிந்தன. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6,80,000 கிராங்குகள் அந்த அறிவிப்புக்கு உட்பட்டன. அதற்கு முன் அங்கே பதிவான பிரிவுகள் 4,519; காயமுற்றோர் 6 பேர். குறையைக் கண்டவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லி வைத்ததனால்தான் அத்தொகை திரண்டது. பழைய கிராங்கைக் குப்பையில் எறிந்துவிட்டு எல்லாரும் புதிது வாங்கியிருந்தால், எண்ணுவதற்கு என்ன இருந்திருக்கும்?

ஆதலின் வாசக அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பொருள் வாங்கினால் பில் கேட்டு வாங்குங்கள். ஃபிரேம் எண்ணை அதன் பின்புறம் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். உறுப்பு உடைந்தால் அதைக் கழுவவோ, அராவவோ, பற்றவைக்கவோ வேண்டாம்; படம் எடுத்துத் துணியில் சுற்றி வையுங்கள். கடைக்காரரிடம் தணிந்து பேசுங்கள். ஆனால் கடிதமாகவும் கொடுத்து, நகலில் கையொப்பம் பெறுங்கள். அவர் பொய்யர் என்று நீங்கள் சொல்லவில்லை. பொருளில் குறை இருக்கிறது என்றுதான் சொல்கிறீர்கள். இந்த வேறுபாட்டை இரு தரப்பாரும் உணர்ந்தால், உரிமையும் கைகூடும். மறுமுறை அதே கடைப்படியை முகமலர்ச்சியோடு ஏறவும் முடியும்.