நிவாரணமும் சோம்பேறிப் பட்டமும்

தேர்தல் மேடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "நிவாரணம் சனத்தைச் சோம்பேறியாக்கிவிட்டது." வன்னிக் கிராமமொன்றில் படிப்பிக்கும் எனக்கு, இதைச் சரிபார்க்க ஐந்தாம் வகுப்புக் கணக்கே போதும்.

அஸ்வெசும திட்டத்தில் மிக வறிய குடும்பத்துக்குரிய உச்சத் தொகை 2025 ஜனவரியில் மாதம் 17,500 ரூபாவாக்கப்பட்டது. உத்தியோகபூர்வ வறுமைக் கோடோ அவ்வாண்டு ஓர் ஆளுக்கே மாதம் 16,000 ரூபாவுக்கு மேல், நால்வருக்கு 64,000. மிச்சத்தை யார் தருவது? என் மாணவர்களின் தாய்மார் விடியுமுன் கச்சான் பிடுங்கப் போவது அதற்காகத்தான்.

அவர்கள் வரி கட்டாதவர்கள் என்பதும் பொய். 2024 ஜனவரியில் 18 சதவீதமாக உயர்ந்த வற் வரி, அவர்கள் வாங்கும் சவர்க்காரத்திலும் இருக்கிறது.

எங்கள் சமூகத்துக்கு இந்தப் பழி பழையது. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து விரட்டிய முஸ்லிம்கள், புத்தளத்து முகாம்களில் உலர் உணவு நிவாரணம் பெற்றார்கள். அதே கைகள்தான் அங்கே வெங்காயத் தோட்டங்களிலும் உப்பளங்களிலும் கூலிக்கு உழைத்தன.

பழிக்கு அஞ்சி விண்ணப்பமே போடாத வீடுகள் ஊரில் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள் காலைக் கூட்டத்தில் மயங்கி விழும்போது, மேடையில் பேசியவர்கள் பக்கத்தில் இருப்பதில்லை.