எந்த சில்வர்?

நம்ம காலேஜ் பார்க்கிங்ல நிற்கிற சில்வர் கலர் கார்களை ஒரு தடவை நின்னு பாருங்க. பம்பர் ஒரு சில்வர், அதை ஒட்டி இருக்கிற ஃபெண்டர் இன்னொரு சில்வர். அடிபடாத வண்டியிலயும் லேசா தெரியும். பம்பர் பிளாஸ்டிக், ஃபெண்டர் தகடு. தகட்டுக்கு அடிக்கிற பெயிண்டை 140 டிகிரி செல்சியஸ் பக்கம் சூட்டில் காய வைக்கிறாங்க. பிளாஸ்டிக் அந்தச் சூட்டைத் தாங்காது. அதனால் அதைக் குறைந்த சூட்டில், பல நேரம் வேற இடத்திலேயே பெயிண்ட் பண்றாங்க. கம்பெனிக்கே இந்தக் கதைன்னா, வீட்டு வாசல்ல ஸ்ப்ரே கன் பிடிக்கிற நமக்கு எப்படி இருக்கும்?

நான் கன் பிடிக்க வேண்டி வந்ததுக்குக் காரணம் ஒரு புரோக்கர். அப்பா தன் பழைய வேகன்ஆரை விற்கலாம்னு இருந்தார். வந்தவர் பின் பம்பரோட இடது மூலையையும் சைடு மிரர் கவரையும் பார்த்த உடனே, "அடிபட்ட வண்டிங்களா சார்?" என்றார். வீட்டு கேட்டில் உரசினதை ஒரு ஒர்க்‌ஷாப்ல கொடுத்து அடிச்சதுதான், ஆனால் அது வெயிலில் தனியாகத் தெரியும். அப்பா உள்ளதைச் சொன்னார். அவர் நம்பலை, 15,000 ரூபாய் குறைச்சுக் கேட்டார். எங்க வீட்டுக்கு அது பெரிய தொகை. அதைவிட, அப்பாவைப் பொய்க்காரர் மாதிரி பார்த்துட்டுப் போனதுதான் அவருக்கு ராத்திரி வரைக்கும் உறுத்தியது.

கலர் கோடு கிடைப்பது கஷ்டமே இல்லை. பானெட்டுக்குள்ளேயோ கதவுத் தூணிலோ ஒரு தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும், வண்டிக்கு வண்டி இடம் மாறும். எங்க வண்டியில் இசட்2எஸ், அதாவது சில்க்கி சில்வர். அதை எழுதிக்கிட்டு பெயிண்ட் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் தாளைப் பார்த்துட்டு, "கோடு சரி தம்பி, எந்த சில்வர்?" என்றார். விசிறி மாதிரி விரியும் கலர் அட்டைகளைக் காட்டினார். ஒரே கோடு, ஆனால் ஒண்ணு லேசா மஞ்சள் அடிக்குது, ஒண்ணு நீலம், இன்னொண்ணில் துகள் பெருசு. ஒரே கலரை வேற வேற தொழிற்சாலையில், வேற வேற வருஷத்தில் அடிக்கும்போது இப்படி விலகும். அந்த விலகல்களுக்கும் பெயிண்ட் கம்பெனிகள் தனி ஃபார்முலா வச்சிருக்காங்க. அதனால் ஒரு சின்னப் பாகத்தைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்க. போகும் முன்னாடி அதை ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்ச்சிடுங்க. பல வருஷ வெயிலில் மங்கின மேல்தோலுக்கு மேட்ச் பண்ணிட்டு, அப்புறம் வண்டியைப் பாலிஷ் போட்டா மறுபடியும் ரெண்டு கலர்தான்.

சரியான டப்பா கிடைச்சாலும் வேலை முடியாது. சில்வருக்குள்ளே இருப்பது அலுமினியத் துகள்கள். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கண்ணாடின்னு நினைச்சுக்கோங்க. எல்லாம் தட்டையாகப் படுத்திருந்தால் நேராகப் பார்க்கும்போது பளிச்சுன்னு இருக்கும், பக்கவாட்டில் பார்த்தால் இருட்டும். ஈரமாக, கனமாக அடிச்சால் பெயிண்ட் காய நேரம் எடுக்கும். அதற்குள் துகள்கள் கீழே இறங்கிக் கண்டபடி சாய்ந்துவிடும், நேர்ப்பார்வைக்குக் கலர் இருட்டும். கன்னைத் தள்ளிப் பிடிச்சு உலர்வாக அடிச்சால் துகள்கள் மேலேயே படுத்து, வெளுத்துத் தெரியும். ஆக ஒரே டப்பா, ஒரே கன். தூரமும் காற்றழுத்தமும் மாறினாலே கலர் மாறுது. நம்ம ஊர் ஏப்ரல் மதியத்தில் தின்னர் பாதி வழியிலேயே ஆவியாகிடும். அதனால்தான் நான் காலை ஏழு மணிக்கே தொடங்கினேன், மெதுவாகக் காயும் தின்னர் வாங்கினேன். கம்ப்ரஸரும் கன்னும் தச்சுவேலை பார்க்கிற மாமாவோடது. கதவுக்குப் பாலிஷ் அடிக்க வச்சிருந்தார்.

முதலில் வண்டியில் அடிக்காதீங்க, அட்டையில் அடிங்க. பம்பருக்குப் போட்ட அதே சாம்பல் பிரைமரை அட்டைக்கும் போட்டேன். ஒன்றில் ரெண்டு கோட்டிங், அடுத்ததில் மூணு, அதற்கடுத்ததில் நாலு. எல்லாவற்றுக்கும் மேல் கிளியர், ஏன்னா கிளியர் இல்லாத பேஸ் சுண்ணாம்புச் சுவர் மாதிரி மங்கலாக இருக்கும், அதை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. காய்ந்த பிறகு அட்டை நடுவில் ஓட்டை போட்டு வண்டி மேல் வச்சேன். ஓட்டை வழியாகத் தெரிவது பழைய கலர், சுற்றிலும் புதுசு. நேரே நின்னு பாருங்க, அப்புறம் குனிஞ்சு சாய்வாகவும் பாருங்க.

அதையும் எந்த வெளிச்சத்தில் பார்க்கிறோம் என்பது முக்கியம். ஷெட்டில் டியூப்லைட்டுக்குக் கீழே ரெண்டு கோட்டிங் அட்டை கச்சிதம். வாசலுக்குக் கொண்டு வந்தால் பச்சை கலந்த மாதிரி தெரிஞ்சுது. நாம படிச்ச மெட்டாமெரிசம் இதுதான்: ரெண்டு பெயிண்டும் திருப்பி அனுப்பும் அலைநீளங்கள் வேற, ஆனால் ஒரு குறிப்பிட்ட வெளிச்சத்தில் நம்ம கண்ணின் மூணு வகைக் கூம்பு செல்களுக்கும் ஒரே மாதிரி படுது. வெளிச்சம் மாறினா குட்டு வெளிப்படும். கலர் வித்தியாசத்தை அளக்க 1976-இல் சிஐஇ கொண்டு வந்த டெல்டா-ஈ கணக்கு இருக்கு. சில்வருக்கு அதைப் பல கோணங்களில் எடுக்கணும், அதற்கான கருவி நம்ம லேபிலேயே கிடையாது. வெயில், நிழல், டியூப்லைட் மூணிலும் தாங்கினது மூணு கோட்டிங் அட்டை.

இவ்வளவு செய்தும் அச்சு அசலா வராது. பரவாயில்லை. மிரர் கவர் தனிப்பாகம், காற்று இடைவெளி இருப்பதால் கண் மன்னிச்சிடும். பம்பர் மூலையில்தான் சிக்கல். அங்கே பேஸை ஒரு கோட்டில் நிறுத்தாமல் நடுப்பக்கம் போகப் போக மெலிசாக்கிக் கரைச்சுவிட்டேன். பிறகு பம்பர் முழுக்க கிளியர். விளிம்பு இல்லைன்னா கண்ணுக்கு ஒப்பிட இடம் இல்லை.

அந்தக் கிளியரை மட்டும் நான் வீட்டில் அடிக்கலை. ஹார்டனர் கலக்கிற டூ-கே கிளியரில் ஐசோசயனேட் இருக்கு. மூச்சில் போனால் ஆஸ்துமா வரைக்கும் கொண்டுவிடும், துணி மாஸ்க் கட்டிக்கிட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்காதீங்க. பம்பரைக் கழற்றி, பெயிண்ட் பூத் இருக்கிற ஒரு இடத்தில் கொடுத்து அடிச்சு வாங்கினேன்.

பழைய புரோக்கர் திரும்ப வரலை. வண்டியை வாங்கினது ரெண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு டீச்சர். எந்த ரெண்டு இடம் பெயிண்ட் அடிச்சதுன்னு அவங்க கேட்பதற்கு முன்னாடியே அப்பா தொட்டுக் காட்டினார். மூணு கோட்டிங் அட்டையையும் டேஷ்போர்டு பெட்டியில் வச்சுக் கொடுத்தோம். பின்பக்கம் ஃபார்முலா நம்பர், தின்னர் அளவு, கன் பிடிச்ச தூரம் எல்லாம் எழுதியிருக்கு. அவங்க வீட்டு கேட்டும் குறுகல்தான்.