கடுகுப் பை

நார்மல் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். 2018 அக்டோபர். மதுரை பசுமலையில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மண்டபத்தில் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம். வாசலில் ரோஸ் கலர் பலூன், வந்தவர்களுக்கெல்லாம் ரோஸ் ரிப்பன், மத்தியானம் வெஜிடபிள் பிரியாணி. வெளியே நின்ற வேனுக்குள் மேமோகிராம். இரண்டு தட்டுக்கு நடுவே வைத்து அழுத்தியதும், "ஏத்தா, தேங்காய்ப்பால் பிழியிறாங்கன்னு நெனச்சேன்" என்றபடி இறங்கி வந்தார் பக்கத்து வீட்டு அக்கா. எல்லோரும் சிரித்தோம். தாளை ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்தேன்.

அடுத்த மே மாதம், குளிக்கும்போது சோப்புக் கை இடது மார்பின் வெளிப்பக்கம் ஓரிடத்தில் நின்றது. புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. வலி இல்லை என்பது ஒரு நிம்மதி, பீரோவில் தாள் இருக்கிறது என்பது இன்னொரு நிம்மதி. ஆகஸ்டில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். தொட்டுப் பார்க்காமலே, "கொழுப்புக் கட்டியாத்தான் இருக்கும்" என்று பத்து நாளைக்கு மாத்திரை எழுதினார்கள். அக்டோபரில் அது நெல்லிக்காய் ஆகியிருந்தது, அக்குளில் நெறியும் கட்டியிருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள், சதை எடுத்தார்கள். முடிவு வர 16 நாள். டிசம்பரில் இடது மார்பை முழுதாக எடுத்தார்கள். அப்போது எனக்கு 46 வயது.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தக் கேள்வி. நாத்தனார் கேட்டார். பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். டிரிப்ஸ் போட வந்த பிள்ளைகூடக் கேட்டது: "ஏம்மா முன்னாடியே பாக்கல?" ஆரம்பத்தில் தாளை எடுத்துக் காட்டினேன். பிறகு விட்டுவிட்டேன். கேட்டவர்களுக்கு வேண்டியது பதில் இல்லை. இவள் ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறாள், நாம் பண்ணவில்லை, ஆகவே நமக்கு வராது என்ற தைரியம்தான் வேண்டியிருந்தது. "முன்கூட்டியே கண்டறிவோம்" என்று போஸ்டர் அடிப்பவர்கள் அந்தத் தைரியத்தையும் சேர்த்துத்தான் அச்சடிக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

நான் தமிழ் டீச்சர். படுத்திருந்த நாளில் படித்தேன். வயது குறைந்த பெண்களுக்கு மார்புத் திசு அடர்த்தியாக இருக்கும், மேமோகிராமில் அது வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளை. அரிசியில் வெள்ளைக் கல் பொறுக்குகிற கதை. மேல்நாட்டுப் பெண்களைவிட நம் பெண்களுக்கு இந்த நோய் ஏறக்குறைய பத்து வயது முன்னதாகவே வருகிறது. அந்த வயதில்தான் அந்தப் படமும் அதிகம் ஏமாற்றுகிறது.

மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 1998-இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. ஏழைக் குடியிருப்புகளில் 35-லிருந்து 64 வயது வரை 1,51,538 பெண்கள். மெஷின் கிடையாது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் வந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் தடவிப் பார்த்தார்கள், நாலு தடவை. மற்றப் பாதி ஒப்பிட்டுப் பார்க்க. இருபது வருடம் தொடர்ந்து கணக்கு எடுத்தார்கள். 2021-இல் முடிவு வந்தது: 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடம் இந்த நோயால் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழே குறைந்ததாகத் தெரியவில்லை. பிரியாணியும் பலூனும் இல்லாமல் விரல்களால் இவ்வளவு முடியும் என்று படித்தபோது சந்தோஷமாக இருந்தது. கூடவே, 46 வயதுக்காரியான நான் அந்தக் கணக்கிலும் வரவில்லை என்பதும் உறைத்தது. முன்னாடியே பார்த்திருந்தால் என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை யார்தான் எனக்கு முடித்துக் கொடுப்பார்கள்?

அந்த ரிப்பனுக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் சார்லட் ஹேலி என்ற பெண்மணி 1990-களின் தொடக்கத்தில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பீச் பழ நிறத்தில் ரிப்பன் செய்து விநியோகித்தார். புற்றுநோய்க்கு அரசு ஒதுக்கும் பணத்தில் நோய் வராமல் தடுக்க ஐந்து சதவீதம்தான் போகிறது, இதைக் கேளுங்கள் என்று கூடவே ஒரு அட்டை. ஒரு பத்திரிகையும் அழகுசாதனக் கம்பெனியும் அந்த ரிப்பனைக் கேட்டன. வியாபாரத்துக்குத் தரமாட்டேன் என்றார். அவர்கள் நிறத்தை மாற்றிக்கொண்டார்கள். அப்படி வந்ததுதான் ரோஸ்.

2020 ஜனவரியில் மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். 21 நாளுக்கு ஒருமுறையாக நாலு தடவை சிவப்பு மருந்து. மூன்றாவது தடவைக்குள் முடி, புருவம் எல்லாம் போயிற்று. நாலாவது முடிந்து பத்து நாளில் நாடே கதவைச் சாத்தியது. அந்த ஊரடங்கு எனக்கு உபகாரம் செய்தது என்று சொன்னால் தப்பாக நினைக்கக்கூடாது. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு யாரும் விசாரிக்க வரவில்லை. அடுத்த மருந்துக்கு வாரா வாரம் போகும்போது ஊரே முகத்தை மூடியிருந்தது. புருவம் இல்லாதவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வருடம் மே 4-ஆம் தேதி மீனாட்சி திருக்கல்யாணம். பக்தர்கள் யாரும் இல்லாமல் பட்டர்கள் மட்டும் நடத்த, டிவியில் பார்த்தோம். மதுரையில் அன்றைக்குத்தான் தாலிக்கயிறு மாற்றுவோம். புது மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். நடுவில் கிடக்க வேண்டிய தாலி சரிந்து தையல் தழும்பின் மேல் வந்து கிடந்தது. பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எடுத்து நடுவில் வைத்தார். மறுபடி சரிந்தது.

ஜூன் 24-ஆம் தேதி மதுரைக்கு மட்டும் தனியாக ஒரு கடும் ஊரடங்கு போட்டார்கள். ஜூலையில் எனக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க ஆரம்பித்தார்கள், 25 நாள். தெரிந்த ஆட்டோக்காரத் தம்பி முன்கண்ணாடியில் என் ஆஸ்பத்திரிச் சீட்டை ஒட்டிக்கொண்டு வருவார். பழங்காநத்தம் ரவுண்டானாவில் போலீஸ் நிறுத்தும். சீட்டைப் பார்த்ததும் கையைக் காட்டிவிடும். ஒருநாள் ஒரு பெண் போலீஸ் மட்டும் குனிந்து, "எந்தப் பக்கம்க்கா?" என்று மெதுவாகக் கேட்டார். இடது பக்கம் என்றேன். "எங்க அம்மாவுக்கு வலது பக்கம்" என்றார். எத்தனையோ பேர் பேசியதில், ஏன் முன்னாடியே பார்க்கவில்லை என்று கேட்காதவர்களில் அவர் ஒருவர்.

2021 ஜனவரி 19, பத்தாம் வகுப்புக்குப் பள்ளி திறந்த நாள். அன்று விடியற்காலைதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை டாக்டர் சாந்தா 93 வயதில் இறந்திருந்தார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய இடத்தில், அடுத்த வருடமே வந்து சேர்ந்து கடைசி வரை இருந்தவர். ஆசிரியர் அறையில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் நான் நுழைந்ததும் பேச்சை மாற்றினார்கள். பேசியிருக்கலாம்.

வகுப்புக்குப் போய்த் தேதி எழுதக் கையைத் தூக்கினேன். பிளவுசுக்குள் வைத்திருந்த இலவம்பஞ்சுப் பொட்டலம் கழுத்துக்கு ஏறி வந்துவிட்டது. திரும்பாமலே ஒரு பலகை முழுக்க எழுதினேன். இலக்கணக் குறிப்பை இவ்வளவு விரிவாக என் வாழ்நாளில் எழுதியதில்லை.

சிலிக்கோனில் செய்த செயற்கை மார்பு வாங்கலாம், ஆயிரக்கணக்கில் விலை. எங்கள் தெரு டெய்லர் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஏன், எப்போது என்று எதுவும் கேட்கவில்லை. "பஞ்சுக்குக் கனம் ஏது? அதான் ஏறுது" என்றார். பழைய சுங்குடிச் சேலைத் துணியில் மாங்காய் வடிவத்தில் ஒரு பை தைத்தார். முதலில் கேழ்வரகு போட்டுப் பார்த்தோம், வண்டு வைத்தது. பிறகு கடுகு. 200 கிராமில் தோள் சாய்ந்தது. 250-இல் சரியாக நின்றது. பிளவுசின் உள்ளே அதற்கென்று ஒரு பாக்கெட்.

எனக்குப் பிறகு ஏழு பேருக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறார், தையல் கூலி வாங்குவதில்லை. பழைய பிளவுஸ் ஒன்றும் பருத்தித் துணியும் கொண்டுபோனால் போதும். வெயில் காலத்தில் மாதம் ஒருமுறை கடுகை மாற்றிவிட வேண்டும், வியர்வையில் வாடை வந்துவிடும்.