மலைமேல் நிற்கும் மேகம்

ஜூன் 7, தென்காசி

விடிந்ததிலிருந்து மேல்காற்று. குற்றால மலையின் இடுப்பு வரை மேகம் இறங்கிவிட்டது. வடகம் காயப்போட மாடிக்கு வந்த பக்கத்து வீட்டு ஆச்சி, மேற்கே பார்த்துவிட்டுத் தட்டோடு திரும்பினார். "சாரல் தொடங்கிட்டு தாயி, இனி வெயிலை நம்பி எதையும் காயப்போட முடியாது" என்றார். சற்று நேரத்தில் வெயிலும் தூறலும் சேர்ந்தே வந்தன. தலைக்கு மேலே நீல வானம், முகத்தில் துளி! மலைமுகட்டில் பிறந்த பொடித்துளிகளைக் காற்று இவ்வளவு தூரம் சுமந்து வருகிறது. செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம் மலை தாழ்ந்திருப்பதால் கேரளத்து ஈரக்காற்றுக்கு இந்த வழி திறந்திருக்கிறது. தென்காசியின் குளிர்ச்சி அந்தத் தாழ்வு தந்த வரம்.

ஜூன் 21

சாயங்காலம் முழுக்க மாடியில் இருந்தேன். முகட்டின்மேல் வெள்ளை மேகம் ஒன்று நீளப் படுத்திருந்தது. கீழே தென்னை ஓலைகளெல்லாம் கிழக்கே சாய்ந்து அடித்துக்கொள்ள, மேகம் மட்டும் இடம்விட்டு அசையவில்லை. முகட்டுப் பாறை ஒன்றின்மேல் கண்ணை நிறுத்திப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. மேகத்தின் இந்தப் பக்க விளிம்பு சரிவில் வழிந்து இறங்கி, பாதி வழியிலேயே கரைந்துபோகிறது. மேற்கிலிருந்து புதிது புதிதாக வந்து அந்த இடத்தை நிரப்புகிறது.

மேலேறும் காற்று விரிகிறது, விரிந்தால் குளிர்கிறது. மேகமாகாத காற்று 1 கிலோமீட்டர் ஏறினால் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் குளிர்ந்துவிடும். குளிரக் குளிர நீராவி துளியாகிறது. மலையைத் தாண்டி இறங்கும்போது காற்று அமுங்கிச் சூடாகிறது. துளி மறுபடி ஆவியாகிறது. சிற்றாற்றில் பாறையைத் தாண்டும் இடத்தில் நீர் திரண்டு நிற்குமே, அதுபோலத்தான் இதுவும். ஓடுவது ஓடிக்கொண்டே இருக்க, உருவம் மட்டும் நிற்கிறது. மலையைக் காற்று தாண்டுவதைக் கண்ணாலேயே பார்க்கிறேன் என்று உணர்ந்தபோது உடம்பு சிலிர்த்தது.

ஜூலை 12

திருநெல்வேலிக்குப் பேருந்து, ஜன்னலோர இருக்கை. பாவூர்சத்திரம் வரை ஒரே மூட்டம். ஆலங்குளம் நெருங்க மேகம் துண்டு துண்டாகப் பிரிந்தது. எல்லாத் துண்டுகளுக்கும் அடிப்பக்கம் ஒரே மட்டத்தில் தட்டையாக இருந்தது. ஏறிவரும் காற்றின் நீராவி துளியாகத் தொடங்கும் உயரம் அதுதான். திருநெல்வேலியில் இறங்கியபோது சுள்ளென்று வெயில். மலை மழையை மறைக்கும் நிலம் என்று பள்ளியில் படித்த பாடம், ஒரு காலைப் பயணத்தில் முழுசாகக் கண்முன் விரிந்தது.

ஆகஸ்ட் 3

இரவு லூக் ஹோவர்டைப் பற்றிப் படித்தேன். லண்டனில் மருந்து செய்து விற்றவர். 1802இல் ஒரு சிறு அறிவியல் மன்றத்தில் மேகங்களை வகைப்படுத்திப் பேசினார். சுருளாக இழைவது, குவியலாக எழுவது, படலமாகப் பரவுவது என்று அடிப்படை மூன்று. மற்றவை இவற்றின் கலப்பு. இன்று உலக வானிலை அமைப்பு சொல்லும் 10 வகைகளும் அவருடைய பெயர்களின் மேல்தான் நிற்கின்றன. நொடிக்கு நொடி மாறுகிற ஒன்றில் ஒழுங்கு இருக்கிறது என்று நம்பி, பொறுமையாக அண்ணாந்து பார்த்த அந்த மனிதரை வணங்கத் தோன்றுகிறது.

அக்டோபர் 2

மத்தியானம் வரை புழுக்கம். மூன்று மணிக்கு மேல் மலைப்பக்கம் ஒரு குவியல் எழும்பத் தொடங்கியது. பார்க்கப் பார்க்க அதன் உச்சி பொங்கிப் பொங்கி உயர்ந்தது. பிறகு மேலே ஏதோ கூரையில் முட்டியதுபோல் நாலாபுறமும் தட்டையாக விரிந்தது. அந்த உயரத்தில் எல்லாம் பனித்துகள். முதல் இடி கேட்டதும் மாடியைவிட்டு இறங்கி ஜன்னலோரம் நின்றுகொண்டேன். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடிக்கு 1 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்து, மழை நெருங்குவதை எண்ணிக்கொண்டே இருந்தேன். பயமும் பரவசமும் கலந்த எண்ணிக்கை அது.

நவம்பர் 9

காற்று திரும்பிவிட்டது. ஆனி ஆடியில் காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் எதிரே வந்து தள்ளிய காற்று இன்று அடங்கிக் கிடக்கிறது. மேகங்கள் கிழக்கிலிருந்து வருகின்றன. அவற்றுக்கு மேலே உயரத்தில் மெல்லிய இழைகள் வேறு திசையில் போகின்றன. ஒரே வானத்தில் இரண்டு காற்றுகள்!

மேகம் பார்க்க விலையுள்ள கருவி எதுவும் வேண்டாம். அசையாத ஒன்று வேண்டும்: ஒரு முகடு, ஒரு கோபுரம், தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியானாலும் சரி. அதன்மேல் கண்ணை நிறுத்தினால் எது நகர்கிறது, எது வளர்கிறது, எது கரைகிறது என்று தானே தெரியவரும். அது தெரிந்தபின் எந்த ஊர் வானமும் சலிக்காது.